உரோமைப் பயணமும் உண்மைச் சான்றும்

யாத்திரிகர்களைக் காணாத நாள் என்று ஒன்று காஞ்சிபுரத்திற்கு இல்லை. ஏகாம்பரநாதர் கோயில் அருகிலும், வரதராசப் பெருமாள் கோயில் வாயிலிலும் விடியுமுன்னரே வெளியூர்ப் பேருந்துகள் வந்து நிற்கின்றன. 2019-ஆம் ஆண்டு சூலை முதல் தேதி தொடங்கி ஆகஸ்டு நடுப்பகுதி வரை, நாற்பது ஆண்டுகளுக்கு ஒருமுறை வெளிவரும் அத்திவரதரைக் காண நாடெங்கிலுமிருந்து திரண்ட மக்கள் வெள்ளத்தை நம் பங்கு மக்களும் தத்தம் வாயிற்படியில் நின்று கண்டார்கள். பலர் வழிநடந்தோர்க்குத் தண்ணீரும் மோரும் கொடுத்தார்கள்.

பிறருடைய யாத்திரையைப் பார்த்துப் பார்த்தே வளர்ந்த மக்களுக்குத் தாமும் ஒருமுறை தொலைதூரத் திருத்தலம் சென்று வரவேண்டும் என்ற ஆவல் எழுவது இயல்பே. 2022-ஆம் ஆண்டு மே 15-ஆம் நாள், குமரி மாவட்டத்து நட்டாலத்தில் பிறந்த தேவசகாயம், உரோமைப் புனித பேதுரு சதுக்கத்தில் புனிதராக அறிவிக்கப்பட்டார். இந்தியப் பொதுநிலையினருள் அந்நிலைக்கு உயர்த்தப்பட்ட முதல்வர் அவரே. அந்நாள் முதல் நம்மவரிடையே உரோமைப் பேச்சு மிகுந்தது. 2024 டிசம்பர் 24 அன்று திறக்கப்பட்டு 2026 சனவரி 6 அன்று மூடப்பட்ட யூபிலி ஆண்டின் புனிதக் கதவு அந்த ஆவலை இன்னும் தூண்டியது.

ஆவல் நல்லது. ஆனால் காஞ்சிக்கும் உரோமைக்கும் இடையே கடலும் மலையும் மட்டுமா கிடக்கின்றன? ‘விசா’ என்னும் நுழைவு இசைவும் கிடக்கிறது. அதைப் பெறும் வழியை அறியாமல் பணம் இழந்தோர் உண்டு. அறிந்தும் குறுக்கு வழி நாடி மன அமைதி இழந்தோரும் உண்டு. இவ்விரு சாராரையும் நாம் கண்டதால் இக்கட்டுரையை எழுதத் துணிந்தோம்.

“சுவாமி, ஒரு கடிதம் வேண்டும்”

2025-ஆம் ஆண்டுத் தவக்காலத்தில் ஒரு மாலை, பட்டு நெசவு செய்யும் குடும்பத் தலைவர் ஒருவர் தம் மனைவியாரோடு நம் இல்லம் வந்தார். நாற்பது ஆண்டுகளாகக் குழித்தறியில் கால் வைத்து உழைத்தவர். மகளின் திருமணம் முடிந்துவிட்டது. மகன் சென்னையில் வேலையில் இருக்கிறார். சீட்டுக் கட்டிச் சேர்த்த பணமும் மகனின் உதவியுமாக, ஐரோப்பியத் திருத்தலங்களுக்குச் செல்லும் குழு ஒன்றில் சேர இருவரும் எண்ணியிருந்தனர்.

“சுவாமி, நீங்கள் ஒரு கடிதம் கொடுத்தால் போதும். நான் பங்கு அலுவலகத்தில் மாதச் சம்பளம் வாங்கும் மேலாளர் என்று எழுதிவிடுங்கள். மற்றதை ஏஜெண்டு பார்த்துக்கொள்வதாகச் சொல்கிறார்” என்றார்.

மற்றது யாது என்று வினவினோம். மூன்று இலட்சம் ரூபாயைக் கைமாற்றாக வாங்கி இரண்டு வாரம் வங்கிக் கணக்கில் போட்டு வைப்பது. கணக்குத் தாள் கைக்கு வந்ததும் எடுத்துத் திருப்பிக் கொடுத்துவிடுவது. எல்லாரும் செய்வதுதான் என்று முகவர் கூறினாராம்.

நாம் மறுத்தோம். மறுப்பது எளிதாக இருக்கவில்லை. ஞாயிறு தவறாத குடும்பம் அது. ஆலயத் திருவிழாக்களில் முதலில் வந்து கடைசியில் போகும் குடும்பம். “திருத்தந்தையைப் பார்க்கத்தானே கேட்கிறோம், சுவாமி?” என்று அம்மையார் கண்கலங்கினார். நல்ல நோக்கத்திற்காக ஒரு சிறு பொய் என்ற எண்ணம் நல்லவர் நெஞ்சிலும் எவ்வளவு எளிதாக இடம் பிடிக்கிறது! அன்று அவர்களிடம் நாம் கூறியவற்றையும், அதன் பின் அவர்களோடு சேர்ந்து நாமே கற்றுக்கொண்டவற்றையும் இங்கே முறைப்படுத்தித் தருகிறோம்.

அரசன் கேட்ட கேள்வி

பயண இசைவு என்பது இக்காலத்தார் கண்டுபிடித்த தொல்லை என்று சிலர் எண்ணுகின்றனர். பழைய ஏற்பாட்டில் நெகேமியா நூலின் இரண்டாம் அதிகாரத்தைப் புரட்டிப் பார்த்தால் அந்த எண்ணம் மாறும். பாரசீக மன்னர் அர்த்தக்சஸ்தாவின் பானப் பணியாளராயிருந்த நெகேமியா, பாழடைந்த எருசலேமைக் கட்டி எழுப்பச் செல்ல விடை கேட்கிறார். மன்னர் அவரிடம் அறிய விரும்பியவை இரண்டு: பயணம் எத்தனை நாள், திரும்புவது எப்போது. நெகேமியா காலத்தைக் குறித்துக் கொடுக்கிறார். பின்பு வழியிலுள்ள ஆளுநர்கள் தம்மைக் கடந்து செல்ல விடும்படி கடிதங்களும் கேட்டுப் பெறுகிறார். இன்று தூதரகங்கள் நம்மிடம் கேட்பதும் இவ்விரு கேள்விகளையே அன்றோ?

நம் ஊரின் வரலாற்றிலும் ஒரு சான்று உண்டு. ஏழாம் நூற்றாண்டில் பல்லவர் தலைநகராய் விளங்கிய காஞ்சிக்கு வந்த சீனத் துறவி யுவான் சுவாங்கை அறியாதார் இலர். அவர் தம் நாட்டைவிட்டுப் புறப்பட்ட காலத்தில் எல்லை கடந்து செல்வதற்குத் தடை இருந்தது. இசைவு கிடைக்காத நிலையில் காவற் கோபுரங்களுக்கு அஞ்சி மறைந்து மறைந்து அவர் எல்லையைக் கடந்தார். ஆண்டுகள் பல கழித்துத் தாயகம் திரும்பும் வழியில் கோட்டான் நகரில் தங்கி, இசைவின்றிச் சென்றதை ஒப்புக்கொண்டு பேரரசருக்கு ஓலை விடுத்தார். பேரரசர் அவரை மன்னித்து வரவேற்றார். 645-ஆம் ஆண்டில் தலைநகரை அடைந்தார். மறைந்து புறப்பட்டவரும் உண்மையைச் சொல்லிய பின்னரே தலை நிமிர்ந்து வீடு திரும்ப முடிந்தது.

திருச்சபையின் வழக்கமும் இதுவே. தொடக்க காலத்தில் ஊர் விட்டு ஊர் செல்லும் கிறிஸ்தவர், தம் ஆயரிடம் கடிதம் பெற்றுச் சென்றனர். அக்கடிதம் கண்டு அயலூர்ச் சபை அவர்களை உடன்பிறப்பாக ஏற்றது. புனித லொயோலா இஞ்ஞாசியாரும் 1523-ஆம் ஆண்டு எருசலேம் செல்லுமுன் உரோமைக்குச் சென்று திருத்தந்தை ஆறாம் அதிரியானிடம் இசைவு பெற்றார். எனவே, சான்று காட்டிச் செல்வது திருப்பயணிக்கு இழிவன்று.

நம் நாடும் இதைக் கேட்கிறது. பட்டுச் சேலையும் கோயிற் சிற்பமும் காண நம் ஊருக்கு வரும் ஐரோப்பியர் இந்திய விசா பெற்றே வருகின்றனர். அவர்கள் தங்கும் விடுதியார் அவர்களைப் பற்றிய விவரத்தை அரசுக்கு அறிவிக்கக் கடமைப்பட்டவர்.

வத்திக்கானுக்குத் தனி விசா உண்டா?

நம்மிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்வி இது. 1929-ஆம் ஆண்டு பிப்ரவரி 11 அன்று கையெழுத்தான இலாத்தரன் உடன்படிக்கையால் வத்திக்கான் தனி நாடாயிற்று. ஆயினும் அதற்கு விமான நிலையம் இல்லை. நாற்புறமும் உரோமை நகரமே சூழ்ந்திருக்கிறது. சதுக்கத்திற்குள் நுழைவோரிடம் எவரும் கடவுச்சீட்டு கேட்பதில்லை. ஆகவே இத்தாலி நாட்டில் நுழைய இசைவு பெற்றவர்க்கு வத்திக்கானுக்கென்று தனியாக விசா வேண்டியதில்லை.

இத்தாலி ‘ஷெங்கன்’ நாடுகளுள் ஒன்று. 1985-ஆம் ஆண்டு சூன் 14 அன்று லக்சம்பர்க் நாட்டின் ஷெங்கன் என்னும் சிற்றூரில் ஐந்து நாடுகள் செய்துகொண்ட உடன்பாடு, 1995-ஆம் ஆண்டில் நடைமுறைக்கு வந்து, இன்று 29 நாடுகளைத் தழுவி நிற்கிறது. ஒரு நாடு அளிக்கும் குறுகியகால விசாவைக் கொண்டு மற்ற நாடுகளுக்கும் செல்லலாம். உரோமை, பிரான்சின் லூர்து, போர்ச்சுகலின் பாத்திமா ஆகிய மூன்றுக்கும் ஒரே விசா போதும். எந்த நாட்டில் அதிக நாள் தங்குகிறோமோ அந்த நாட்டிற்கே விண்ணப்பிக்க வேண்டும். நாட்கள் சமமாயின் முதலில் நுழையும் நாட்டிற்கு. எளிதில் கிடைக்கும் என்று ஒரு நாட்டில் விண்ணப்பித்துவிட்டு வேறு நாட்டில் தங்குவது முறையன்று.

இங்கிலாந்தும் அயர்லாந்தும் இவ்வட்டத்தில் இல்லை. பலர் விரும்பிச் செல்லும் மெட்ஜுகோரியே அமைந்துள்ள பொஸ்னியா-எர்செகோவினாவும் இல்லை. இடையில் அங்குச் சென்று மீண்டும் ஷெங்கன் நாட்டிற்குள் வருவோர்க்கு ஒருமுறை நுழைவு விசா பயன்படாது. பலமுறை நுழைவு விசா கேட்டுப் பெறவேண்டும்.

கையில் இருக்க வேண்டியவை

முதலாவது, பாஸ்போர்ட் எனும் கடவுச்சீட்டு. அது கடந்த பத்து ஆண்டுகளுக்குள் வழங்கப்பட்டதாயும், ஐரோப்பாவை விட்டுத் திரும்பும் நாளுக்குப் பின் குறைந்தது மூன்று மாதம் செல்லுபடியாவதாயும், இரண்டு வெற்றுப் பக்கங்கள் கொண்டதாயும் இருத்தல் வேண்டும். நம் மக்களுக்கு இங்கேதான் முதல் இடறல். பெயருக்கு முன் ஓர் எழுத்தை இட்டு வாழும் மரபினர் நாம். கடவுச்சீட்டில் அந்த முன்னெழுத்து விரித்து எழுதப்பட வேண்டும். திருமுழுக்குப் பதிவேட்டில் ஆரோக்கியமேரி, பள்ளிச் சான்றிதழில் மேரி, வங்கிப் புத்தகத்தில் ஆரோக்கியம் என்று ஒருவரே மூவராய் நின்றால் அதிகாரிகள் எவரை நம்புவர்? பயணத்திற்கு ஓராண்டு முன்பே எல்லா ஆவணங்களிலும் பெயரையும் பிறந்த நாளையும் ஒன்றாக்கிக்கொள்ளுங்கள். திருமுழுக்குப் பதிவேட்டைத் திருத்தித் தரும்படி பங்குத் தந்தையை வற்புறுத்தாதீர்கள். அது அவர் விருப்பப்படி திருத்தும் ஏடு அன்று.

இரண்டாவது, விண்ணப்பிக்கும் காலம். புறப்படும் நாளுக்கு ஆறு மாதங்களுக்கு முன்பிருந்து விண்ணப்பிக்கலாம். கடைசி எல்லை பதினைந்து நாள். முடிவு சொல்லப் பதினைந்து நாள் ஆகும். ஆய்வு தேவைப்படின் நாற்பத்தைந்து நாள் வரை நீளலாம். விண்ணப்பதாரர் சென்னையிலுள்ள விண்ணப்ப மையத்திற்கு நேரில் சென்று பத்து விரல்களின் பதிவும் நிழற்படமும் தரவேண்டும். ஒருமுறை தந்த விரற்பதிவு 59 மாதங்கள் வரை மறு விண்ணப்பத்திற்குப் பயன்படும்.

மூன்றாவது, கட்டணம். 2024 சூன் 11 முதல் பெரியவர்க்கு 90 யூரோ. ஆறு வயது முதல் பன்னிரண்டுக்கு உட்பட்டோர்க்கு 45 யூரோ. ஆறு வயதுக்குக் கீழ்ப்பட்டோர்க்கு இல்லை. மையத்தின் சேவைக் கட்டணம் வேறு. விசா மறுக்கப்பட்டாலும் கட்டணம் திரும்ப வராது.

நான்காவது, மருத்துவக் காப்பீடு. அவசர சிகிச்சைக்கும், தாயகம் கொண்டுவந்து சேர்ப்பதற்கும், இறப்பு நேரின் அதன் செலவிற்கும் சேர்த்துக் குறைந்தது 30,000 யூரோவுக்கு, எல்லா ஷெங்கன் நாடுகளிலும் செல்லும்படியாக எடுத்திருக்க வேண்டும்.

ஐந்தாவது, தங்குமிடம், போய்வரும் பயணம் ஆகியவற்றின் முன்பதிவு. விசா கைக்கு வருமுன், பணம் திரும்பக் கிடைக்காத பயணச்சீட்டை வாங்கி ஏமாறாதீர்கள். சிறு பிள்ளைகளை அழைத்துச் செல்வோர் தாய் தந்தை இருவருடைய ஒப்புதலையும் எழுத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஆறாவது, பொருள்வசதிக்கும் திரும்பி வருவதற்கும் சான்று: வங்கிக் கணக்குத் தாள், வருமான வரிக் கணக்கு, வேலை அல்லது தொழில் பற்றிய சான்று, வீட்டுப் பத்திரம், குடும்ப விவரம் முதலியன. நெசவாளர்க்கு இடர்ப்பாடு இங்கேதான். கூலி கைக்குக் கை வந்து போகும். மாதச் சம்பளச் சீட்டு இராது. பொய்ச் சான்று நுழைவதும் இந்த ஓட்டையின் வழியாகவே.

பாவும் ஊடையும் பொருந்தாவிட்டால் சேலை ஆகாது என்பதை நெசவாளர்க்கு நாம் சொல்லித் தரவேண்டியதில்லை. வருமானம் ஒன்று சொல்ல, வங்கிக் கணக்கு வேறொன்று சொன்னால், நாள்தோறும் நூற்றுக்கணக்கான தாள்களைப் பார்ப்பவர் கண்ணுக்கு அது தப்புமா? திடீரென்று வந்து விழுந்த பெருந்தொகையே ஐயத்தை எழுப்பும். பொய் ஆவணம் என்று கண்டால் விசா மறுக்கப்படும். மறுத்த செய்தி ஷெங்கன் நாடுகள் அனைத்தும் காணும் பதிவில் ஐந்தாண்டு வரை நிற்கும். முகவரோ அடுத்த வாடிக்கையாளரைத் தேடிப் போய்விடுவார். பதிவில் நிற்பது நம் பெயர்.

உண்மைக்குக் கொடுத்த விலை

அந்த நெசவாளர் நம் சொல்லை ஏற்றார். உள்ள ஆவணங்களை மட்டும் வைத்து விண்ணப்பித்தார். விளைவு? மறுக்கப்பட்டது. மறுப்புத் தாளில் அச்சிட்டிருந்த காரணங்களுள் இரண்டின் எதிரே குறியிட்டிருந்தார்கள்: போதிய பொருள்வசதி காட்டப்படவில்லை, காலம் முடியுமுன் நாடு திரும்புவார் என்பதில் ஐயம் உண்டு. இருவருக்குமாக 180 யூரோவும் சேவைக் கட்டணமும் போயின. பல நாள் தறியில் உட்கார்ந்தால்தான் அப்பணத்தை மீட்க முடியும். அன்றிரவு நமக்கு உறக்கம் வரவில்லை. பொய் சொன்னவர் பலர் போய் வர, நம் பேச்சைக் கேட்டவர் நட்டப்பட்டு நிற்கிறாரே என்ற எண்ணம் நம்மை வாட்டியது.

மறுநாள் ஆறுதல் கூறச் சென்றோம். அம்மையாரே நமக்கு ஆறுதல் கூறினார்: “விடுங்கள் சுவாமி. பொய் சொல்லிப் போயிருந்தால், அங்கே போய் முதலில் பாவசங்கீர்த்தனத்துக்குத்தானே நிற்க வேண்டும்?”

அந்தச் சொல் நம்மை எழுப்பியது. மறுக்கப்பட்டவர் மேல்முறையீடு செய்யலாம்; குறையை நீக்கி மீண்டும் விண்ணப்பிக்கவும் தடையில்லை. உண்மை இருந்தால் மட்டும் போதாது, அதை எடுத்துக் காட்டவும் தெரியவேண்டும் என்பதை நாம் அப்போது உணர்ந்தோம். அன்று முதல் அவர் தம் கூலி முழுவதையும் வங்கி வழியாகவே பெற்றார். கூட்டுறவுச் சங்கத்தில் தாம் உறுப்பினர் என்பதற்கும், ஆண்டுதோறும் பெறும் கூலிக்கும் சான்று வாங்கினார். கைத்தறி நெசவாளர் அடையாள அட்டை, வீட்டு வரி இரசீது ஆகியவற்றைச் சேர்த்தார். செலவின் ஒரு பகுதியைத் தாமே ஏற்பதாக மகன் கடிதம் எழுதித் தம் சம்பளச் சீட்டையும் வரிக் கணக்கையும் இணைத்தார். ஏன் செல்கிறோம், எவ்விடங்களில் எத்தனை நாள், எதற்காகத் திரும்புகிறோம் என்று ஒரு பக்கத்தில் எளிய நடையில் விளக்கம் எழுதப்பட்டது. நாமும் ஒரு கடிதம் கொடுத்தோம்; அவர் இத்தனை ஆண்டுகளாக இப்பங்கில் வாழும் கத்தோலிக்கர், கைத்தறி நெசவாளர் என்று நாம் அறிந்ததை மட்டும் எழுதினோம்.

செப்டம்பரில் மீண்டும் விண்ணப்பித்தனர். விரற்பதிவு முன்னரே தந்திருந்தும், முதல் முறை பட்ட பாட்டை அவர் மறக்கவில்லை. பட்டிழையும் சரிகையும் ஓடி ஓடித் தேய்ந்த அவர் விரல்களின் ரேகையைக் கருவி எளிதில் காணவில்லையாம். பலமுறை துடைத்துத் துடைத்து வைத்த பிறகே பதிந்ததாம். இம்முறை அக்டோபரில் விசா வந்தது. நவம்பரில் இருவரும் பன்னிரண்டு நாள் சென்று, புனிதக் கதவைக் கடந்து, புதன்கிழமைப் பொதுச் சந்திப்பில் திருத்தந்தை பதினான்காம் லியோவைத் தொலைவில் நின்று கண்டு வந்தனர்.

எல்லையில் நினைவிருக்கட்டும்

விசா கிடைத்ததாலேயே நுழைவு உறுதியாகிவிட்டது என்று கருதற்க. எல்லை அதிகாரி பயண நோக்கம், தங்குமிடம், கைப்பணம், திரும்பும் சீட்டு ஆகியவற்றைக் கேட்கலாம். ஆவணங்களின் நகல்களைக் கைப்பையிலேயே வைத்திருங்கள். வழியில் பிராங்பர்ட் போன்ற ஷெங்கன் நகரில் விமானம் மாறினால், சோதனை அங்கேயே நடைபெறும், உரோமையில் அன்று.

விசாத் தாளில் இரண்டு செய்திகள் இருக்கும். எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை செல்லும் என்பது ஒன்று. அதற்குள் எத்தனை நாள் தங்கலாம் என்பது மற்றொன்று. இரண்டையும் குழப்பி அதிக நாள் தங்கிவிட்டோர் உளர். எவ்வளவு நீண்ட விசாவாயினும், எந்த 180 நாளிலும் 90 நாளுக்கு மேல் தங்க இயலாது. 2025 அக்டோபர் 12 முதல் படிப்படியாக நடைமுறைக்கு வந்த புதிய முறையில், கடவுச்சீட்டு முத்திரைக்கு மாறாக முகப் பதிவோடு வருகையும் புறப்பாடும் கணினியில் ஏறுகின்றன. நாள் கடந்தால் கணக்கு தானே காட்டிக்கொடுக்கும்.

நேர்மையாகச் சென்று திரும்புவோர்க்கு நன்மையும் உண்டு. 2024 ஏப்ரலில் இந்தியாவில் வாழும் இந்தியர்க்கென ஏற்கப்பட்ட விதியின்படி, மூன்றாண்டுக்குள் இரண்டு விசாக்களைப் பெற்று முறையாகப் பயன்படுத்தியவர்க்கு இரண்டாண்டுகள் செல்லும் பலமுறை நுழைவு விசாவும், அதன்பின் ஐந்தாண்டு விசாவும் அளிக்கப்படலாம். மாறாக, திருப்பயணி என்ற பெயரில் சென்று அங்கேயே மறைந்துவிடும் ஒருவரால், பின்னால் வரும் நூறு உண்மைப் பயணிகள் மீது ஐயம் விழுகிறது. இது நம் உடன்பிறப்புகளுக்கு இழைக்கும் அநீதி அன்றோ?

செல்ல இயலாதோர் மனம் தளர வேண்டாம். திருத்தூதர் தோமாவின் கல்லறை மீது எழுந்த சாந்தோம் பேராலயம் நமக்கு இரண்டு மணி நேரப் பயணத்தில் இருக்கிறது. ஐரோப்பியர் கடல் கடந்து தேடி வரும் திருத்தலம் அது; நமக்கோ விசாவும் வேண்டா, பேருந்துச் சீட்டே போதும்.

ஊர் திரும்பிய ஞாயிறன்று திருப்பலி முடிந்ததும் அந்த நெசவாளர் நம்மிடம் வந்தார். உரோமையிலிருந்து செபமாலையோ படமோ காட்டப்போகிறார் என்று எண்ணினோம். அவர் கடவுச்சீட்டை விரித்து, வெளியேறிய நாளின் முத்திரையை விரலால் தொட்டுக் காட்டினார். “சொன்ன நாளுக்குள் வந்துவிட்டோம், சுவாமி” என்றார்.

அன்பார்ந்த குடும்பத்தாரே, நீங்களும் போய் வாருங்கள். உள்ளதைச் சொல்லிப் புறப்படுங்கள். சொன்ன நாளில் திரும்புங்கள். ஆண்டவர் உங்கள் போக்கையும் வரவையும் காப்பாராக!